கண்ணத் தொறந்தது நான்

உக்காரு பாப்பா. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். சென்சஸ் எடுக்க வந்த வாத்தியார் ஒருத்தரு அதுல உக்காந்துதான் மல்லாக்க விழுந்தாரு. எழுந்திரிச்சதும் "மொத்தம் எத்தன பேரும்மா வீட்ல?"ன்னு கேட்டாரு. கடமை! நீ இப்படி கட்டில்ல வந்து உக்காரு. அத்தோ பிசையட்டுமா, பர்மா நூடுல்ஸ்? எங்க பர்மா காலனியில வந்துட்டு அத்தோ திங்காமப் போனா திருச்சிக்கே வந்ததா கணக்கில்ல. சரி, பேசிட்டுத் தின்னலாம்.

எங்க, போன்ல அந்தப் படத்த இன்னொரு தடவ காட்டு.

ஆமா. அதேதான். ரங்கூன்ல ஏதோ குடோன்ல சுருட்டிப் போட்டிருந்தாங்களா? எலி கடிக்கலயா? அந்த ஊரு எலிக்கு இத விட நல்ல தீனி கெடைச்சிருக்கும் போல. கீழ மூலையில என்ன எழுதியிருக்கு, பெருசு பண்ணிப் பாரு. "நாகலிங்கம்". ம். அதுக்குக் கீழ வேற பேரு இருக்கா? நல்லா தேடு, கண்ணாடியத் தொடச்சிட்டுத் தேடு. இல்லல்ல? இருக்காது. எனக்குத்தான் தெரியுமே.

வந்ததும் நீ என்ன கேட்ட? "இந்தக் கண்ணுங்கள வரையிறதுக்கு உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு தைரியம்"ன்னு கேட்ட. தைரியமாம்! கரப்பான்பூச்சி வந்தா கட்டில் மேல ஏறி நிக்கிற மனுசன். பாப்பா, இந்தப் படத்துல அம்பது அறுவது பேரு நிக்கிறாங்களே, இதுல ஒரு கண்ணு, ஒரே ஒரு கண்ணு கூட அவரு வரைஞ்சது இல்ல. அத்தனையும் நான். தையல்நாயகி. எழுதிக்க. எழுதிட்டியா? இனிமே மத்தத சொல்றேன்.

எங்க மாமனாரு ஆசாரி. செட்டியாருங்க ரங்கூன்ல கட்டுன கோயிலுக்கு சுதை வேலை செய்யப் போனவரு, அங்கயே தங்கிட்டாரு. அவருகிட்ட வேலை படிச்சவருதான் எங்க வீட்டுக்காரரு. கோயில் வேலை கொறஞ்சதும் சினிமா தட்டி எழுதப் போனாரு. ஆளுங்கள அச்சு அசலா போடுவாரு, அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அவங்கப்பா சொல்லிக் குடுத்த ஒரு வழக்கத்த மட்டும் விடவே மாட்டாரு. கண்ணு கடைசியாத்தான் தொறக்கணும். மத்த எல்லாம் முடிஞ்சு, நாள் பாத்து, நேரம் பாத்து, பட்டினி கெடந்து, ஒரே மூச்சுல அத்தன பேருக்கும் கண்ணத் தொறக்கணும். தொறந்துட்டா உசிரு வந்துருச்சு. அதுக்கப்புறம் அந்தப் படத்து மேல தூரிகை படக்கூடாது. உசிரோட இருக்கறவங்க மேல சாயம் அடிப்பியாம்பாரு.

சாமிக்கு சரி பாப்பா. இவரு சோப்பு விளம்பரத்துப் பொம்பளைக்கும் பட்டினி கெடப்பாரு. சினிமா வில்லனுக்குக் கூட பஞ்சாங்கம் பாத்தாரு. அவனுக்கு எதுக்குய்யா நல்ல நேரம்னேன். "அவனும் பொழைக்கணும்ல"ன்னாரு. இப்படி ஒரு ஆளு கூட குடும்பம் நடத்துனேன்.

அப்பதான் பட்டாளத்துக்காரங்க ஆட்சியப் புடிச்சு, சோசலிசம் வந்துருச்சுன்னாங்க. எப்படி வந்துச்சுன்னு கேக்குறியா? ஒருநாள் காலையில எங்க தெரு கமால் ராவுத்தரு கடை போர்ட எறக்கிட்டு "மக்கள் கடை"ன்னு நம்பர் போட்டு ஒரு போர்ட மாட்டுனாங்க. அவ்வளவுதான், வந்துருச்சு. முந்தின நாள் வரைக்கும் கடையில அரிசி, பருப்பு, நெத்திலி, சோப்பு எல்லாம் இருந்துச்சு, மக்களுக்கு சொந்தமில்ல. மறுநாள்ல இருந்து கடை மக்களுக்கு சொந்தம், உள்ள ஒண்ணும் இல்ல. ராவுத்தரு பாவம், பழக்கதோசத்துல காலையில வந்து பூட்டத் தேடிக்கிட்டு நிப்பாரு.

வெடியக்காலையில போய் வரிசையில நிக்கணும். எடை போடுறவன் ஒரு கட்சிக்காரப் பய. அரிசியக் கொட்டும்போது தராசு மேல கட்டவெரல வெப்பான். எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் பேச முடியாது. அத்தன பொம்பளைங்களும் மூஞ்சிய நேரா வெச்சுக்கிட்டு, கண்ண மட்டும் ஓரமா உருட்டி அந்தக் கட்டவெரலயே பாத்துக்கிட்டு நிப்போம். எங்க வீட்டுக்குக் கீழ மொய்ங்கா விக்கிற டோ கின் — மொய்ங்கான்னா மீன் கொழம்புல நூடுல்ஸ் போட்டுத் தருவாங்கள்ல, அது. டோன்னா அங்க நம்ம அம்மான்னு சொல்ற மாதிரி — அவ பாக்குற பார்வையில அந்த வெரலு கருகிப் போயிருக்கணும். கருகல. கொழுத்துதான் போச்சு.

எங்க இருந்தேன்? ஆங், படம்.

புதுசா ஒரு கூட்ட மண்டபம் கட்டுனாங்க. அதுல மாட்டறதுக்கு செவுரு அகலத்துக்கு ஒரு படம் வேணும். உழைக்கிற மக்கள் எல்லாம் சிரிச்சுக்கிட்டு வராங்க, நெல்லு மூட்டையோட கட்சிக்காரரு ஒருத்தரு முன்னால நின்னு அவங்களுக்கு அளந்து போடுறாரு. இதான் படம். ஊ மியா தௌங்னு ஒரு அதிகாரி. ஊன்னா திருன்னு வெச்சுக்க. வீட்டுக்குள்ள வந்தா கூட கறுப்புக் கண்ணாடியக் கழட்ட மாட்டாரு. வெத்தல மென்னுக்கிட்டே, "ஆளுங்கள நல்லா போடுவியாமே, போடு"ன்னுட்டாரு. முடியாதுன்னு சொல்ல அது என்ன கல்யாணப் பத்திரிகையா?

எங்க வீட்டுக்காரருக்கு எதிர்ல ஆளு நின்னாத்தான் கை ஓடும். அதனால எங்க தெருவே வந்து நின்னுச்சு. டோ கின்தான் அறுவடை செய்யிற பொம்பள. சைக்கா, அதான் சைக்கிள் ரிக்சா, மிதிக்கிற மாரிமுத்து இரும்பாலைத் தொழிலாளி. பைப்பு வேலை பாக்குற டேனியல் ராணுவ வீரரு. அவனுக்கு பூட்ஸ் இருந்துச்சுன்னு அந்த வேசம். கமால் ராவுத்தரு விவசாயி. கடை போன மனுசன், "மம்முட்டிய எப்படிப் புடிக்கணும்?"னு கேட்டுக் கேட்டு நின்னாரு.

போட்டாச்சு. கமிட்டி வந்து பாத்துச்சு. மொத தடவ, "எல்லாரும் ஒல்லியா இருக்காங்களே"ன்னாங்க. அரிசியே குடுக்காம ஒல்லியாக்கினது இவங்க, குத்தம் படத்துக்கு! சரின்னு எல்லாருக்கும் சதை போட்டாரு. மாரிமுத்து வந்து பாத்துட்டு, "அண்ணே, இந்தக் கையி எனக்கு எப்ப வரும்?"னான். ரெண்டாவது தடவ, "மூக்கு சரியில்ல, பர்மாக்காரன் மூக்கு இவ்வளவு நீளமா இருக்காது"ன்னாங்க. எல்லா மூக்கையும் அமுக்கினாரு. ராவுத்தரு மூக்க மட்டும் மூணு வாட்டி அமுக்கியும் எந்திரிச்சுக்கிச்சு. மூணாவது தடவ, எருமை சோகமா இருக்காம். எருமைய எப்படிம்மா சிரிக்க வெப்ப? வெச்சாரே! பாரு, இந்தா, இந்த ஓரத்துல. எருமை சிரிக்குது. அந்த ஆட்சியில மனசாரச் சிரிச்சது அது ஒண்ணுதான்.

இவங்க இப்படி மாத்திக்கிட்டே இருந்ததால கண்ணு தொறக்கற நாள் தள்ளிக்கிட்டே போச்சு. தொறந்தப்புறம் கை வைக்க முடியாதே. கடைசியா எல்லாம் சரின்னதும், கூட்டத்துக்கு மொத நாள் வெள்ளிக்கிழமைக்கு நேரம் குறிச்சாரு. அதுக்குள்ள செவ்வாக்கிழம மத்தியானம், சொல்லாமக் கொள்ளாம, அந்தக் கறுப்புக் கண்ணாடி வந்து நிக்குது. கூடவே பெரிய பட்டாளத்து அதிகாரிங்க. படத்துத் துணிய வெலக்கிப் பாக்குறாங்க. அத்தன பேரும் பல்லக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு வராங்க, ஒருத்தருக்கும் கண்ணு இல்ல. வெள்ளையா, அவிச்ச முட்டை மாதிரி.

ஊ மியா தௌங் வெத்தலய முழுங்கிட்டாரு.

"உழைக்கிற மக்கள் எல்லாம் குருடுங்கறியா?"ன்னாரு.

இவரு பஞ்சாங்கத்த எடுத்துட்டு வந்து, "இல்லீங்கய்யா, வெள்ளிக்கிழம காலையில..."ன்னு ஆரம்பிக்கிறாரு. புரட்சி பண்ணவங்ககிட்ட ராகுகாலம் சொல்றாரு பாப்பா! நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

"நாளைக்குக் காலையில வருவேன். கண்ணு இருக்கணும். இல்லாட்டி நீ இங்க இருக்க மாட்டே"ன்னுட்டுப் போயிட்டாரு.

எதிர் வீட்டுப் பையன் ஒருத்தன இப்படித்தான் சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. அவங்கம்மா ரொம்ப நாளைக்கு அவனுக்கும் சேத்தே தட்டு வெச்சா. "யோவ், எடுய்யா தூரிகைய"ன்னேன். "இன்னிக்கு அஷ்டமி. நான் போய் குருக்களப் பாத்துட்டு வரேன், ஏதாவது வழி சொல்லுவாரு"ன்னு சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு. குருக்கள் வீடு ஆத்துக்கு அந்தாண்ட. படகு புடிக்கணும். தலை போற நேரத்துல படகு!

நான் இருந்தேன். படம் இருந்துச்சு. கிண்ணத்துல மை இருந்துச்சு.

எனக்கென்ன வராதா? என் அக்கா பிள்ளைங்க அத்தனைக்கும் மை வெச்சு விட்டது நான்தான். முக்காலிய இழுத்துப் போட்டேன். மொதல்ல டோ கின்னுக்கு வெச்சேன். நடுவுல பொட்டு வெச்சா பேய் அறைஞ்ச மாதிரி முழிச்சா. தொடச்சிட்டு, கொஞ்சம் ஓரமா தள்ளி வெச்சேன். அட! டோ கின்னே வந்துட்டா! அப்படியே வரிசையில நிக்கிறப்ப பாக்குற பார்வை. அப்புறம் கை நிக்கல. மாரிமுத்து, டேனியல், ராவுத்தரு, பேரு தெரியாத பின்வரிசை எல்லாத்துக்கும் ஓரமா, ஓரமா, ஓரமா. முன்னால நிக்கிற கட்சிக்காரருக்கு மட்டும் கண்ணக் கீழ எறக்கி மூட்டைய பாக்க வெச்சேன். அளக்கறவரு மூட்டையப் பாக்காம வேற எங்க பாப்பாரு? எருமைக்கும் வெச்சேன்.

எவ்வளவு லட்சணமா இருந்துச்சு தெரியுமா! எல்லாரும் ஒரே பக்கம், ஒண்ணு சேந்து, அந்தக் கட்சிக்காரரு கையையே பாக்குறாங்க. ஒத்துமையா இருந்துச்சு. சோசலிசம்னா அதானே?

வெளக்கு வைக்கிற நேரத்துக்கு இவரு ஓடி வராரு, வாயெல்லாம் பல்லு. "தையல், நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி நல்ல நேரம் இருக்காம்! அவங்க வர்றதுக்குள்ள தொறந்துரலாம்!" அப்படியே படத்தப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. மறுபடி படத்தப் பாத்தாரு. முக்காலியில உக்காந்துட்டாரு.

"எப்படி?"ன்னேன்.

பாராட்ட மனசு வரல பாரு. மெதுவா தூரிகைய எடுத்தாரு, சாயத்துல தோச்சாரு, படத்துகிட்ட கொண்டு போனாரு, கை நின்னு போச்சு. வழக்கம்! கண்ணு தொறந்தாச்சு, கை வைக்கக் கூடாது. தூரிகைய கழுவி வெச்சுட்டு, "உசிரு வந்துருச்சு தையல்"னாரு. "வராம?"ன்னேன்.

மறுநாள் ஊ மியா தௌங் வந்தாரு, வாசல்ல நின்னு, "கண்ணு இருக்கா? இருக்கு"ன்னு எண்ணிப் பாத்த மாதிரி சொல்லிட்டு, ஆளுங்கள விட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு. கறுப்புக் கண்ணாடி வழியா என்ன தெரியும்?

மண்டபத்துல மாட்டுனாங்க. நானும் போனேன், பட்டுச்சேலை கட்டிக்கிட்டு. பெரியவரு ஒருத்தரு மேடையில அரிசி விளைச்சலப் பத்திப் பேசுறாரு. பின் வரிசையில மொதல்ல ஒரு கெழவி குபுக்னு சிரிச்சா. அப்புறம் பக்கத்துல இருந்தவ. அப்படியே வரிசை வரிசையா முன்னால வருது சிரிப்பு. அவரு, தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறாங்கன்னு நெனச்சு தானும் சிரிச்சாரு. மறுநாள்ல இருந்து கூட்டம்னா கூட்டம்! ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தெல்லாம் படகு கட்டி வந்தாங்க. ரேஷன் கடை வரிசையவிடப் பெருசு. ஒவ்வொருத்தரும் வந்து நின்னு, பாத்து, பக்கத்துல இருக்கறவங்க இடுப்புல இடிச்சிட்டுப் போவாங்க. யாரோட வேலைக்கு இந்த வரவேற்பு? என்னோடதுக்கு.

அடுத்த வாரம் படத்த எறக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரர வரச் சொல்லி ஆளு வந்துச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, பரிசு குடுக்கப் போறாங்கன்னு. போன வருசம் நெசவு மில்லு பொண்ணு ஒருத்திக்கு மெடலும் சைக்கிளும் குடுத்தாங்க. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, குடுத்தா மாரிமுத்து தம்பிக்குக் குடுத்துரலாம்னு யோசனை பண்ணி வெச்சுட்டேன். இவரு மூஞ்சி மட்டும் வெளுத்துப் போயிருந்துச்சு. "நீ வராத தையல்"னாரு. வராதயாம்! தனியாப் போய் வாங்கிக்கலாம்னு நெனப்பு. நானும் வருவேன்னு கெளம்பிட்டேன். ஆபீசுக்குப் போறமேன்னு டேனியல் பூட்ஸ அவருக்கு நான்தான் கடன் வாங்கிட்டு வந்தேன். எதுக்குடா வாங்குனோம்னு ஆயிப் போச்சு, சொல்றேன்.

பெரிய மேசை. நாலு பட்டாளத்துக்காரங்க. ஊ மியா தௌங் ஒரு ஓரமா நிக்கிறாரு, அன்னிக்குத்தான் கறுப்புக் கண்ணாடி இல்லாம அவரப் பாத்தேன். சின்னச் சின்னக் கண்ணு. சிவந்து கெடந்துச்சு. மேசைக்குப் பின்னால இருந்தவரு ரொம்ப மரியாதையா கேட்டாரு. "இந்தக் கண்ணெல்லாம் யாரு போட்டது? நெஜத்த சொல்லணும்."

நான் எந்திரிச்சுட்டேன் பாப்பா. வாயத் தொறந்துட்டேன். 'நா'ங்கற எழுத்து நாக்கு நுனியில நிக்குது. அப்ப இந்த மனுசன் என்ன பண்ணாரு தெரியுமா? அந்த பூட்ஸ் காலால என் கால ஓங்கி மிதிச்சாரு! வெறுங்கால பூட்ஸால! உசிரு போயிருச்சு. நான் "ஐயோ"ன்னு குனியறேன், இவரு சொல்றாரு:

"நான்தான் போட்டேன். முழுக்க முழுக்க நான். வேற யார் கையும் படல."

"உன் பொண்டாட்டி என்னமோ சொல்ல வராளே?"ன்னாரு அவரு.

"அவளுக்கென்னங்க தெரியும்? தூரிகைய எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னு கூடத் தெரியாத கழுதை. சோறாக்க மட்டும்தான் தெரியும். வீட்டுக்கு அனுப்பிருங்க"ன்னாரு.

கழுதை! என் வேலைய எடுத்துக்கிட்டு, என்னையே கழுதைங்கறாரு! நாலு பட்டாளத்துக்காரங்க முன்னாடி! ஒரு சைக்கிளுக்காக கட்டுன பொண்டாட்டியக் கவுத்துட்டாரு பாத்தியா?

ஆனா சாமின்னு ஒண்ணு இருக்குல்ல? அடுத்தவ செஞ்சத நான் செஞ்சேன்னா சும்மா விடுமா? அவர அங்கயே உக்கார வெச்சுக்கிட்டாங்க. என்ன வெளிய அனுப்பிட்டாங்க. நொண்டிக்கிட்டே நடந்து வந்தேன். திரும்பிப் பாக்கல. அவரு பாத்துக்கிட்டு இருந்தாருன்னு வாசல்ல நின்ன சிப்பாய் பின்னால சொன்னான். பாக்கட்டுமே, யாருக்கு என்ன?

ரெண்டு மழைக்காலம் அரசாங்க சோறு. நான் அங்க டோ கின்னுக்கு மீன் ஆஞ்சு குடுத்துப் பொழைச்சேன். எதுக்கு உள்ள வெச்சாங்கன்னா கேக்குற? வாய்தான். எடக்கா ஏதாவது பேசியிருப்பாரு. படத்துல ஒரு குத்தமும் இல்லியே, நானே போட்டேனே, எனக்குத் தெரியாதா?

ஒருநாள் சாயங்காலம் வந்து நின்னாரு. பாதி ஆளா. சோத்துக் கையில ரெண்டு வெரலு மடங்கல. என்னாச்சுன்னேன். "கிணத்தடியில வழுக்கிட்டேன்"னாரு. கிணத்தடியில வழுக்குனா இடுப்புதானே போகும்? இவருக்கு மட்டும் வெரலு. விழறதுல கூட ஒரு ஒழுங்கு கெடையாது. வந்ததும் மொதல்ல என்ன செஞ்சாருங்கற? மன்னிப்பு கேட்டாரா? இல்ல. கீழ உக்காந்து என் காலத் தூக்கி மடியில வெச்சுப் பாத்தாரு. "நகம் கோணலா முளைச்சிருச்சே"ன்னாரு. முளைக்காதா? செஞ்சது யாரு?

அப்புறம் கப்பலேறி இங்க வந்துட்டோம். சுங்கத்துல என் காதுத் தோட்டக் கழட்டிக்கிட்டாங்க, அது ஒரு தனிக் கதை, நீ பஸ்ஸுக்குப் போகணும். இங்க கடைக்கு போர்டு எழுதுனாரு, எடது கையால. சாமி படம் யாராவது கேட்டா எல்லாம் முடிச்சு வெச்சுட்டு, "தையல், வந்து கண்ணத் தொற"ம்பாரு. சோம்பேறித்தனம். நான் போய் வெச்சு விடுவேன். அரிசி மண்டிக்காரரு ஒருத்தரு சண்டைக்கே வந்துட்டாரு, "ஏம்மா, எங்க கடை முருகன் கல்லாவையே பாக்குறாரு"ன்னு. நீ ஒழுங்கா எடை போட்டா எங்க பாத்தா என்னய்யான்னேன். அந்தப் படத்துக்குக் கூட கீழ 'நாகலிங்கம்'னுதான் போட்டாரு. ஏன்யா என் பேரப் போட்டா கையில மிச்ச வெரலும் மடங்காதான்னு கேட்டேன். "உன் பேரு எதுலயும் வேணாம் தையல்"னாரு. பொறாமை பாப்பா. வேற என்ன?

கடைசியா பெரியாஸ்பத்திரியில கெடந்தப்ப, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருந்தாரு. நான் கிட்டப் போய், காதோரமா கேட்டேன். "யோவ், போகப் போற. இப்பவாவது நெஜத்த சொல்லிட்டுப் போ. அந்த ரங்கூன் படத்துல கண்ணப் போட்டது யாரு?"

தலையத் திருப்பி வாசலப் பாத்தாரு. நர்சு ஒருத்தி யாருக்கோ ஊசி போட்டுட்டு வெளிய போய்க்கிட்டு இருந்தா. அவ போற வரைக்கும் காத்திருந்தாரு. என் கையப் புடிச்சுக்கிட்டாரு. அப்புறம் மெல்ல, "நான்தான்"னாரு.

சாகும்போது கூட விட்டுக் குடுக்கல பாத்தியா?

ஏன் எழுதறத நிறுத்திட்ட? மூக்க உறிஞ்சற, சளியா? இந்த ஊரு தூசி அப்படி. இரு, அத்தோ பிசையறேன், மொளகாத்தூளுக்கு எல்லாம் எறங்கிரும். ஆனா அதுக்கு முன்னாடி எழுதிக்க: கண்ணு, தையல்நாயகி. கொட்ட எழுத்துல எழுது. உங்க காலேஜுல நம்ப மாட்டாங்க, அந்தம்மா சொன்னா போதுமா, ஆதாரம் எங்கம்பாங்க. இருக்குன்னு சொல்லு. போன எடு. இந்தா, இந்தக் கால் சுண்டு வெரல், இந்தக் கோண நகம். வெளிச்சத்துக்கு நீட்டுறேன், நல்லா கிட்ட வந்து எடுத்துக்க.